நியூயார்க் மாநிலச் சிற்றூர்களில் ஸோனிங் வேரியன்ஸ் வாங்குவது எப்படி: வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டின் பின்பக்கம் ஒரு டெக் (வீட்டை ஒட்டிய திறந்த மேடை) போட வேண்டும், அல்லது ஒற்றைக் கார் கராஜை இரட்டையாக்க வேண்டும். கான்டிராக்டர் விலை சொல்லிவிட்டார், பில்டிங் பர்மிட்டுக்கு மனுவும் போட்டாகிவிட்டது. கொஞ்ச நாளில் டவுன் ஹாலிலிருந்து கடிதம் வருகிறது: பின்பக்க செட்பேக் (எல்லைக்கோட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி) போதவில்லை, பர்மிட் தர முடியாது, விரும்பினால் ஸோனிங் மேல்முறையீட்டு வாரியத்தை அணுகலாம். ஹட்சன் பள்ளத்தாக்கிலும் லாங் ஐலண்டிலும் ஆல்பனி பக்கமும் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களில் பலருக்கு, இப்படி ஒரு வாரியம் இருப்பதே அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியவரும்.

பயப்பட ஒன்றுமில்லை. எந்த மனையில் எதை, எவ்வளவு கட்டலாம் என்ற ஊர் விதிதான் ஸோனிங்; அதிலிருந்து உங்கள் மனைக்குக் கேட்டு வாங்கும் தளர்வுதான் வேரியன்ஸ். வீட்டுக்காரரே வக்கீல் இல்லாமல் நடத்தி முடிக்கக்கூடிய காரியம்தான். ஆனால் பெரும்பாலானோர் தங்களுக்கு அது ஏன் வேண்டும் என்று விளக்குவதிலேயே முழு நேரத்தையும் செலவழிக்கிறார்கள். வாரியத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை வேறு. உங்களுக்குக் கிடைக்கும் பயன் ஒரு தட்டு, அக்கம்பக்கத்துக்கு வரும் கெடுதல் மறு தட்டு. இரண்டையும் நிறுத்துப் பார்த்து, காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காரணங்களை அவர்களுக்குக் கையில் எடுத்துக் கொடுப்பவர் ஜெயிக்கிறார். கீழே வரும் படிகள் எல்லாமே அதற்கான தயாரிப்புதான்.

இங்கே சொல்வது நியூயார்க் மாநிலச் சட்டப்படி, நியூயார்க் நகரத்துக்கு வெளியே உள்ள டவுன்களுக்குப் பொருந்துவது. நகரத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது. பக்கத்து மாநிலங்களிலும் விதிகள் வேறு. உதாரணமாக மாசசூசெட்ஸில் மண், மனையின் வடிவம், நிலத்தின் மேடுபள்ளம் இவற்றால் வரும் தனிப்பட்ட சிரமத்தைக் காட்டியாக வேண்டும்; நியூயார்க்கைவிட அங்கே வாசல் மிகக் குறுகல். பாஸ்டன் பக்கத்து நண்பரின் அனுபவத்தை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

முதலில், நீங்கள் யாருடைய எல்லைக்குள் இருக்கிறீர்கள்?

தபால் முகவரியை நம்ப வேண்டாம். ஃபிஷ்கில் என்ற பெயரில் ஒரு டவுனும் இருக்கிறது, அதற்குள் ஒரு வில்லேஜும் இருக்கிறது. வாப்பிங்கர் ஒரு டவுன். வாப்பிங்கர்ஸ் ஃபால்ஸ் தனி வில்லேஜ், அதன் ஒரு பகுதி பொகீப்ஸி டவுனுக்குள் கிடக்கிறது. வில்லேஜுக்குள் வீடு இருந்தால் வில்லேஜின் ஸோனிங் சட்டமும் வில்லேஜின் வாரியமும்தான் உங்களுக்கு. சொத்துவரி ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும். வில்லேஜ் சட்டத்தின் விதிகளும் டவுன் சட்டத்தின் விதிகளும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி இருவருக்கும் உதவும்.

பிறகு உங்கள் ஊரின் ஸோனிங் சட்டத்தை எடுத்து, உங்கள் மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது, அந்த மண்டலத்துக்கு முன், பின், பக்கச் செட்பேக் எத்தனை அடி, மனையில் எத்தனை சதவீதம் கட்டலாம், உயரம் எவ்வளவு என்ற அட்டவணையைப் பாருங்கள். அநேகமாக எல்லா டவுன்களும் இதை இணையத்தில் போட்டிருக்கின்றன. விளக்கச் சொற்கள் என்ற அத்தியாயத்தையும் விடாமல் படியுங்கள். டெக் என்பது கட்டடத்தில் சேர்த்தியா, கூரையில்லாத படிக்கட்டுக்கு விலக்கு உண்டா, இரண்டு தெரு சந்திக்கும் மூலைமனைக்கு எத்தனை முன்பக்கம் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூலைமனைக்காரர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள்: பல ஊர்களில் இரண்டு தெருப் பக்கமும் முன்பக்கமாகவே கணக்கு. நீங்கள் பக்கவாட்டு முற்றம் என்று நினைக்கும் இடத்தில் ஆறடி வேலி போட்டாலே விதிமீறல் ஆகிவிடலாம்.

மறுப்புக் கடிதம்

ஸோனிங் மேல்முறையீட்டு வாரியம் பொதுவாக மேல்முறையீட்டைத்தான் விசாரிக்கும். அதாவது பில்டிங் இன்ஸ்பெக்டரோ ஸோனிங் அதிகாரியோ முதலில் 'முடியாது' என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. எந்தப் பிரிவின்படி, எத்தனை அடி குறைகிறது என்று கடிதத்தில் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரிவு விட்டுப்போனால், பிற்பாடு அதற்காக இன்னொரு விசாரணைக்கு அலைய நேரிடும். டெக்குக்கு பின் செட்பேக் குறைகிறது என்று மட்டும் எழுதிவிட்டு, மனையில் கட்டிய பரப்பும் வரம்பைத் தாண்டுகிறது என்பதைக் கவனிக்காமல் விட்ட கடிதங்கள் உண்டு.

அந்த மறுப்பு அலுவலகக் கோப்பில் பதிவான நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தவறினால் மறுபடி பர்மிட் மனு, மறுபடி மறுப்பு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இன்னொரு வழியையும் யோசித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்: இன்ஸ்பெக்டர் விதியைத் தவறாகப் படித்திருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினால், அதே வாரியத்திடம் 'விதியின் பொருள் இது' என்று தீர்ப்புச் சொல்லவும் கேட்கலாம். அப்படி ஜெயித்தால் வேரியன்ஸே தேவையில்லை. ஒரே மனுவில் இரண்டையும் கேட்கலாம்: முதலில் விளக்கம், அது ஒத்துவராவிட்டால் வேரியன்ஸ்.

எந்த வகை வேரியன்ஸ்?

இரண்டு வகை. இடம், அளவு சம்பந்தப்பட்டது ஏரியா வேரியன்ஸ்: செட்பேக், உயரம், பரப்பு, வேலி. பயன்பாடு சம்பந்தப்பட்டது யூஸ் வேரியன்ஸ்: குடியிருப்பு மண்டலத்தில் கடை வைப்பது, ஒரு குடும்ப வீட்டை இரண்டு குடும்ப வீடாக்குவது போன்றவை. வீட்டுக்காரர்களுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை.

யூஸ் வேரியன்ஸ் எவ்வளவு கடினம் என்பதற்கு அதன் நான்கு நிபந்தனைகளே போதும். அனுமதிக்கப்பட்ட எந்தப் பயன்பாட்டிலும் அந்தச் சொத்திலிருந்து நியாயமான வருமானம் வராது என்று பணக்கணக்கோடு நிரூபிக்க வேண்டும். அந்தச் சிரமம் உங்கள் மனைக்கே உரியதாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தின் இயல்பு மாறக்கூடாது. சிரமத்தை நீங்களே உண்டாக்கியிருக்கக்கூடாது. நான்கில் ஒன்று தவறினாலும் கதவு அடைபட்டுவிடும். இதன் வேர் 1939-இல், லின்புரூக்கில் ஒரு ஸ்கேட்டிங் அரங்கம் கட்டும் வழக்கில் மாநில உச்ச நிலை நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் 'நியாயமான வருமானம் இல்லை' என்று காட்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம். இந்த வகைதான் வேண்டுமென்றால் வக்கீலை அமர்த்துங்கள். இந்தக் கட்டுரை அதற்குப் போதாது.

ஐந்து கேள்விகள்: வழக்கின் முழு உயிரும் இங்கே

ஏரியா வேரியன்ஸுக்கு 1992 ஜூலையில் நடைமுறைக்கு வந்த டவுன் சட்டத்தின் 267-பி பிரிவு ஐந்து கேள்விகளை வைக்கிறது. அதற்கு முன் 'நடைமுறைச் சிரமம்' என்று ஒரு சோதனை இருந்தது. எதைக் காட்டினால் அது நிறைவேறும் என்பதில் ஏகப்பட்ட குழப்பம். ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஹெண்டர்சன் டவுனில் ஒரு படகுக் கொட்டகைக்கு வாரியம் அனுமதி கொடுத்து, அக்கம்பக்கத்தார் எதிர்த்து, வழக்கு மேலே மேலே போனது. 1995-இல் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் பழைய சோதனை போய்விட்டது, இனி நிறுத்துப் பார்ப்பதுதான் முறை என்று முடித்துவைத்தது. இந்த ஐந்தும் யூஸ் வேரியன்ஸின் நான்கைப் போலக் கண்டிப்பான நிபந்தனைகள் அல்ல. ஒன்றில் நீங்கள் பலவீனமாக இருந்தாலும், மற்றவற்றில் பலமாக இருந்தால் தராசு உங்கள் பக்கம் சாயலாம்.

ஒரு கற்பனை உதாரணத்தோடு போவோம். பின் செட்பேக் 40 அடி தேவை. உங்கள் வீட்டின் பின்சுவர் எல்லைக்கோட்டிலிருந்து 45 அடி தள்ளி இருக்கிறது. நீங்கள் 14 அடி ஆழத்துக்கு டெக் கேட்கிறீர்கள். மிச்சம் 31 அடி; குறைவது 9 அடி; அதாவது 22.5 சதவீதத் தளர்வு.

முதல் கேள்வி: அக்கம்பக்கத்தின் இயல்பு மாறுமா, பக்கத்துச் சொத்துகளுக்குக் கெடுதல் வருமா? 'மாறாது' என்று ஒரு சொல்லில் எழுதுபவர்கள்தான் அதிகம். அதற்குப் பதிலாகத் தெருவில் நடந்து போய், தெருவிலிருந்து தெரிகிற டெக்குகளைப் படமெடுங்கள். டவுன் ஹாலில் உட்கார்ந்து உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இதே போன்ற வேரியன்ஸ் முன்பு கொடுத்திருக்கிறார்களா என்று கோப்புகளைப் பாருங்கள். அவை பொது ஆவணங்கள். இது வெறும் அலங்காரம் இல்லை. ஒரே மாதிரியான விஷயத்தில் முன்பு ஒரு விதமாகவும் இப்போது வேறு விதமாகவும் முடிவெடுத்தால், வாரியம் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது நியூயார்க் நீதிமன்றங்களின் நிலைப்பாடு. உங்களுக்குச் சாதகமான ஒரு பழைய முடிவு, பத்து நற்சான்றுக் கடிதங்களுக்குச் சமம்.

இரண்டாவது: இதே பயனை வேரியன்ஸ் இல்லாமல் வேறு வழியில் அடைய முடியுமா? என் கணிப்பில் அதிக மனுக்கள் அடிபடுவது இங்கேதான், ஏனென்றால் யாரும் இதற்குத் தயாராக வருவதில்லை. வாரிய உறுப்பினர் 'ஏன் பக்கவாட்டில் போடக்கூடாது?' என்று கேட்பார். உங்களிடம் பதில் இருக்க வேண்டும்: அங்கே செப்டிக் டேங்க் இருக்கிறது, சமையலறைக் கதவு பின்பக்கம்தான் திறக்கிறது, தரை ஆறடி சரிகிறது. 'ஏன் தரைமட்டத்தில் கல் பதித்த பேட்டியோ போதாது?' என்றும் கேட்பார், அதற்குப் பல ஊர்களில் செட்பேக் கிடையாது. இப்படி மூன்று மாற்று வழிகளை நீங்களே எழுதி, ஒவ்வொன்றும் ஏன் உதவாது என்று ஒரு பத்தி கொடுத்துவிட்டால், கேள்வி எழுமுன்பே பதில் பதிவாகிவிடும். செலவு அதிகமாகும் என்பது மட்டும் பதிலாக இருந்தால் அது பலவீனமான பதில்.

மூன்றாவது: கேட்கும் தளர்வு பெரியதா? சதவீதத்தை அவர்கள் கட்டாயம் போட்டுப் பார்ப்பார்கள், அதனால் நீங்களே போட்டுக் காட்டுங்கள். ஹெம்ப்ஸ்டெட் டவுனில் 6,000 சதுர அடி மனை தேவைப்பட்ட இடத்தில் 4,000 சதுர அடியில், 55 அடி முகப்புக்குப் பதில் 40 அடியில் வீடு கட்டக் கேட்ட வழக்கு 2004-இல் மாநில உச்ச நிலை நீதிமன்றம் வரை போனது. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. வாரியம் மறுத்தது சரியே என்று தீர்ப்பு. ஆனால் சதவீதம் மட்டுமே எல்லாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் வீடே இல்லாமல் காட்டுநிலம் இருந்தால், 50 சதவீதமும் நடைமுறையில் சிறியதுதான், அதைச் சொல்லுங்கள்.

நான்காவது, சுற்றுச்சூழல், பௌதிகப் பாதிப்பு. வீடுகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் மழைநீர்தான். புதுக் கூரை, புதிதாகக் கார் நிறுத்தும் இடம் இவற்றிலிருந்து வடியும் தண்ணீர் எங்கே போகும்? 'பக்கத்து மனைக்குள் போகாது, இந்த இடத்தில் சரளைக் குழி வெட்டி இறக்குகிறோம்' என்று வரைபடத்தில் காட்டினால் முடிந்தது. ஒரு குடும்பம் முதல் மூன்று குடும்பம் வரையான வீடுகளுக்கான ஏரியா வேரியன்ஸுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் மறுஆய்வுச் சட்டப்படி தனி ஆய்வு தேவையில்லை. அந்த ஆய்வுக்கான நீளப் படிவத்தை யாராவது நீட்டினால் இதைப் பணிவாகக் கேளுங்கள்.

ஐந்தாவது, சிரமத்தை நீங்களே உண்டாக்கினீர்களா? விதி இருப்பது தெரிந்தோ தெரியாமலோ வீட்டை வாங்கி, பிறகு பெரிதாக்கக் கேட்கும் எல்லோருக்கும் பதில் அநேகமாக 'ஆம்' தான். மழுப்ப வேண்டாம். 'ஆம்' என்பது ஏரியா வேரியன்ஸை மறுக்கப் போதுமான காரணம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஒப்புக்கொண்டு நகர்வது வாரியத்தின் நம்பிக்கையைப் பெற்றுத் தரும்.

இந்த ஐந்துக்கும் மேல் இன்னொன்று: வாரியம் தேவையான குறைந்தபட்சத் தளர்வை மட்டுமே தர வேண்டும். ஆகவே 14 அடி கேட்டுவிட்டுப் பேரத்தில் 12-க்கு இறங்கலாம் என்பது நம் ஊர்ச் சந்தையில் செல்லும் கணக்கு, இங்கே இல்லை. ஒரு மேசையும் ஆறு நாற்காலியும் போட்டு, நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்க 12 அடி போதுமென்றால் 12-ஐயே கேளுங்கள். தளர்வு 7 அடி, 17.5 சதவீதம் ஆகிவிடும். எதற்கு 12 என்று மேசையோடு வரைந்தும் காட்டுங்கள். 'குறைக்க முடியுமா?' என்று கேட்டால் 'ஏற்கெனவே குறைத்துத்தான் வந்திருக்கிறோம்' என்று சொல்ல முடிந்தவர் நல்ல நிலையில் இருக்கிறார்.

அம்மாவுக்காக, மாமியாருக்காக என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்களுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, அதனால் கீழே ஒரு படுக்கையறை என்பது நம் வீடுகளில் வழக்கமான தேவை. ஆனால் வேரியன்ஸ் மனிதருக்கு இல்லை, நிலத்துக்குக் கிடைப்பது. வீட்டை விற்றாலும் அது நிலத்தோடு போகும். அதனால் சொந்தச் சூழ்நிலைக்கு வாரியத்தின் தராசில் எடை குறைவு. சொல்லாதீர்கள் என்றில்லை, 'மாடியில் கட்டுவது மாற்று வழி ஆகாது' என்ற இரண்டாம் கேள்விக்கான பதிலாகச் சொல்லுங்கள். உண்மையான உடல் ஊனம் இருந்தால், கூட்டாட்சி அரசின் நியாயமான குடியிருப்புச் சட்டத்தின்கீழ் ஊனத்துக்கு ஏற்ப விதியைத் தளர்த்தும்படி கேட்பது தனி வழி. அதற்கு டவுன் வக்கீலிடம் எழுத்தில் கேட்கலாம். அறை கூட்டினால், செப்டிக் உள்ள வீடுகளில் மாவட்டச் சுகாதாரத் துறையும் உள்ளே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காகிதங்கள்

உரிமம் பெற்ற சர்வேயர் போட்ட சர்வே வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரி வரைபடம் சர்வே ஆகாது. வேலி எல்லைக்கோடு ஆகாது. தார் ரோட்டின் விளிம்பும் உங்கள் மனையின் விளிம்பு ஆகாது, பல தெருக்களில் உங்கள் புல்வெளியின் முதல் சில அடிகள் டவுனுடையது. வீடு வாங்கியபோது கிடைத்த பழைய சர்வே கோப்பில் இருக்கும். அதற்குப் பிறகு எதுவும் கட்டவில்லையென்றால் பல வாரியங்கள் அதையே ஏற்கும். அந்தத் தாளின்மேல் நீங்களாகக் கோடு போடுமுன் அதன் ஓரத்தைப் படியுங்கள். சர்வேயரின் முத்திரை போட்ட வரைபடத்தை மற்றவர் திருத்துவது மாநிலக் கல்விச் சட்டப்படி குற்றம் என்று அச்சிட்டிருக்கும். நகலை வைத்துத் தனித்தாளில் வரைந்து தரலாமா என்று வாரியச் செயலரிடம் கேளுங்கள்.

இத்துடன் மனுப் படிவம், மறுப்புக் கடிதம், கட்டடத்தின் எளிய வரைபடம், படங்கள், கட்டணம், ஐந்து கேள்விகளுக்கான உங்கள் பதில். எத்தனை நகல், என்றைக்குள் என்பதைச் செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிற்றூர் வாரியங்கள் மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். கடைசி நாளைத் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விடும். அந்தச் செயலர் உங்களுக்கு மிகவும் உதவக்கூடியவர். மரியாதையோடும் பொறுமையோடும் பேசுங்கள்.

வீட்டுச் சங்க விதியோ பத்திரத்தில் எழுதிய கட்டுப்பாடோ இருந்தால், வேரியன்ஸ் அதை நீக்காது. அது தனிக் கதை, தனி அனுமதி.

மாவட்டத்துக்கு அனுப்பும் படி

இதை வீட்டுக்காரர்கள் கவனிப்பதில்லை. உங்கள் மனை மாநில அல்லது மாவட்ட நெடுஞ்சாலை, மாவட்ட அல்லது மாநிலப் பூங்கா, பக்கத்து ஊரின் எல்லை போன்றவற்றிலிருந்து 500 அடிக்குள் இருந்தால், பொது நகராட்சிச் சட்டத்தின் 239-எம் பிரிவுப்படி டவுன் அந்த மனுவை மாவட்டத் திட்டமிடல் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். சில மாவட்டங்கள் சின்ன விஷயங்களுக்கு விலக்கு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் முடிவெடுத்தால், கிடைத்த வேரியன்ஸை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிடலாம். 'இது மாவட்டத்துக்குப் போக வேண்டுமா?' என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மாவட்டம் எதிர்த்துப் பரிந்துரைத்தால் அதை மீற வாரியத்தில் பெரும்பான்மைக்கு மேல் ஒரு வாக்கு வேண்டும். ஐந்து பேர் வாரியத்தில் நான்கு.

அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே போங்கள்

விசாரணைக்கு ஐந்து நாளாவது முன்பு அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் வரும், செலவு உங்களுடையது. பல ஊர்களில் குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள வீடுகளுக்குத் தபாலும் போகும். சட்டமொழியில் எழுதிய அந்தத் தபாலைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் திட்டத்தை முதன்முதலில் அறிகிறார் என்றால், பாதி எதிர்ப்பு அங்கேயே பிறந்துவிடுகிறது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டுங்கள். அவர்களுக்கு விளக்கு வெளிச்சம் உறுத்தும் என்றால் விளக்கைக் கீழ்நோக்கி வைப்பதாகச் சொல்லுங்கள். படுக்கையறை ஜன்னல் தெரியும் என்றால் அந்தப் பக்கம் ஒரு மறைப்புத் தட்டி. ஒத்துக்கொண்டதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

ஆதரவுக் கடிதம் வாங்கினால் 'நல்ல குடும்பம், கொடுத்துவிடுங்கள்' என்ற பாணி வேண்டாம். 'எங்கள் பின் ஜன்னலிலிருந்து அந்த இடம் தெரியாது, நடுவில் தேவதாரு வரிசை இருக்கிறது' என்று எழுதியது ஒன்று போதும். எதிர்ப்பிலும் இதே அளவுகோல்தான். 'எங்களுக்கு இது பிடிக்கவில்லை' என்ற பொதுவான எதிர்ப்பை வைத்து மறுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. 'போன வருடம் தண்ணீர் எங்கள் அடித்தளத்துக்குள் வந்தது' என்ற திட்டவட்டமான எதிர்ப்பு நிற்கும். யாராவது அப்படிச் சொல்வார் என்று தெரிந்தால், பதிலோடு போங்கள்.

வாரிய உறுப்பினர்களிடம் மட்டும் தனியாகப் பேசாதீர்கள். கோயிலில், கடையில் பார்த்தாலும் சரி. அவர்கள் நீதிபதி போல உட்காருகிறவர்கள். நீங்கள் தனியே பேசியது தெரிந்தால் அவர் விலக வேண்டிவரும், உங்களுக்கு ஒரு வாக்கு போய்விடும்.

விசாரணை இரவு

சில உறுப்பினர்கள் முன்கூட்டியே மனையை வந்து பார்ப்பார்கள். டெக்கின் மூலைகளில் குச்சி நட்டு, நாடா கட்டி வையுங்கள். 12 அடி என்பது காகிதத்தில் பெரியதாகவும் புல்வெளியில் சிறியதாகவும் தெரியும். இந்தக் காட்சி உங்கள் பக்கம் வேலை செய்யும்.

வாரியம் மூன்று அல்லது ஐந்து பேர் கொண்டது, டவுனை நிர்வகிக்கும் மன்றம் (டவுன் போர்டு) நியமித்த உள்ளூர்க்காரர்கள். வருடத்துக்கு நான்கு மணி நேரப் பயிற்சி அவர்களுக்குக் கட்டாயம். அதற்கு மேல் அவர்களும் உங்களைப் போல வேலை முடித்து வந்து உட்காருபவர்கள்தான். தலைவர் உங்கள் மனுவை அழைப்பார், நீங்கள் எழுந்து பேசுவீர்கள், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், பிறகு பொதுமக்கள். தலைவரைப் பார்த்துப் பேசுங்கள். எதிர்ப்பவரிடம் திரும்பி வாதாட வேண்டாம், அவர் முடித்த பிறகு தலைவரிடம் அனுமதி கேட்டுப் பதில் சொல்லுங்கள். ஐந்து கேள்விகளையும் அதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். ஆங்கிலத்தில் மேடைப் பேச்சுக் கூச்சமாக இருந்தால் எழுதியதைப் படித்தாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். கான்டிராக்டரை அழைத்துப் போவது நல்லது, தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும்.

இப்போது வாக்குக் கணக்கு, இதை முன்பே தெரிந்திருந்தால் ஒரு தோல்வியைத் தவிர்க்கலாம். பெரும்பான்மை என்பது வந்திருப்பவர்களில் இல்லை, முழு வாரியத்தில். ஐந்து பேர் வாரியத்துக்கு மூன்று பேர் மட்டும் வந்திருந்தால், மூவரும் 'ஆம்' என்றாக வேண்டும். போதுமான வாக்கு விழாவிட்டால் மனு தள்ளுபடி ஆனதாகவே கணக்கு. ஆள் குறைவாக இருந்தால், அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும்படி தலைவரிடம் கேட்க உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். பல தலைவர்கள் அவர்களாகவே கேட்பார்கள். விசாரணையின் போக்கு பாதகமாகப் போகிறது என்று தெரிந்தாலும் இதே வழி: 'திட்டத்தைத் திருத்திக்கொண்டு வருகிறோம், விசாரணையைத் திறந்து வையுங்கள்' என்று கேளுங்கள். மூடிய பிறகு புதிதாக எதையும் கொடுக்க முடியாது.

விசாரணை மூடிய பின் முடிவெடுக்க 62 நாள் அவகாசம். இருதரப்பும் ஒத்துக்கொண்டால் நீட்டலாம். சிறிய விஷயங்களில் அன்றிரவே வாக்கெடுத்துவிடுவதும் உண்டு. நிபந்தனைகள் போடலாம்: டெக்குக்குக் கூரை போடக்கூடாது, வேலியோரம் செடி வைக்க வேண்டும் என்பது போல. நிபந்தனை நிலத்தையும் கட்டடத்தையும் பற்றியதாக இருக்க வேண்டும். 'இந்தக் குடும்பம் இருக்கும்வரை மட்டும்' என்பது செல்லாது.

முடிவுக்குப் பிறகு

கிடைத்துவிட்டதா? மறுநாளே கான்கிரீட் ஊற்ற வேண்டாம். முடிவு எழுத்தில் ஐந்து வேலை நாளுக்குள் டவுன் கிளார்க்கிடம் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு நாளிலிருந்து 30 நாளுக்குள் அதிருப்தியுள்ள பக்கத்து வீட்டுக்காரர் வாரியத்தின் முடிவை எதிர்த்து 78-வது ஆர்ட்டிக்கிள் எனப்படும் வழக்கை நீதிமன்றத்தில் போடலாம். அதுவரை கான்டிராக்டரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு பில்டிங் பர்மிட் தனியாக வாங்க வேண்டும். வேரியன்ஸ் அதற்குப் பதிலி இல்லை. பல ஊர்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டாவிட்டால் வேரியன்ஸ் காலாவதி ஆகிவிடும், அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்து சான்றிதழ் வாங்கியதும், முடிவின் நகலைப் பத்திரத்தோடு வையுங்கள். விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.

மறுத்துவிட்டார்களா? அதே 30 நாள் உங்களுக்கும் உண்டு. ஆனால் நீதிமன்றம் தன் கருத்தை வாரியத்தின் கருத்துக்கு மேல் வைக்காது. முடிவுக்குப் பகுத்தறிவான காரணமும் பதிவில் ஆதாரமும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஒரு டெக்குக்காக வக்கீல் செலவு கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள். அதே மனுவை மறுவிசாரணை செய்ய வாரியத்தில் வந்திருக்கும் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும், அது அபூர்வம். பெரும்பாலோருக்கு நல்ல வழி மறுப்பு முடிவை வரிவரியாகப் படித்து, எந்தக் கேள்வியில் தோற்றோம் என்று பார்த்து, திட்டத்தை உண்மையிலேயே மாற்றிப் புது மனுவாகக் கொண்டுபோவது. இரண்டாம் கேள்வியில் தோற்றிருந்தால், 12 அடியை 9 அடியாக்கி, மிச்சத்தைத் தரைமட்டப் பேட்டியோவாக வரைந்து, அடுத்த கூட்டத்துக்கான கடைசி நாளைச் செயலரிடம் கேளுங்கள்.